மறந்தவர் மறைந்தவர் அல்லர்

"நான் யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பார்ப்போம்." மறதிநோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அவர் திருதிருவென்று விழிப்பார். ஏதோ ஒரு பெயரைச் சொல்வார். அது தவறாக இருக்கும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், இல்லையென்றால் உச்சுக்கொட்டுவார்கள். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, "பாவம், ஆளே இல்ல, உடம்பு மட்டும்தான் இருக்கு" என்று அந்தப் பெரியவரின் காதுபடவே சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

இந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள். கேட்க வருபவர் தாய்மாமனாக இருந்தாலும் சரி, மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "பேரைக் கேட்காதீங்க. உங்க பேரை நீங்களே சொல்லிட்டு, பக்கத்துல போய் உட்காருங்க."

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய காரியம் இல்லை இது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதிநோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் அல்சைமர் போன்ற நோய்கள் வந்தவர்களை முழுவதுமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஏதோ ஒன்று தேய்கிறது. இந்த ஆடியில் உங்கள் அம்மாவிடம் இருப்பது அடுத்த ஆடியில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் என்ன போய்விட்டது என்று எண்ணிக்கொண்டிருக்காமல், என்னென்ன இருக்கின்றன என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முதலில், ஒரு மனிதர் எவையெல்லாம் சேர்ந்து ஆனவர் என்பது நமக்குத் தெளிவாக வேண்டும்.

நம் மண்ணில் இந்தக் கேள்வியை ஆழமாகக் கேட்டிருக்கிறார்கள். சைவ சித்தாந்தம் மனிதனின் உள்கருவிகளை மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று நான்காகப் பிரித்தது. பற்றுவது ஒன்று, தீர்மானிப்பது ஒன்று, சிந்திப்பது ஒன்று, 'நான்' என்று எழுந்து நிற்பது ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம், உயிர் இந்தக் கருவிகளில் எதுவும் அல்ல என்று நிறுவுகிறது. அரசனுக்கு அமைச்சர்கள் எப்படியோ அப்படி உயிருக்கு இவை. அமைச்சர் ஒருவர் படுத்துவிட்டால் நாட்டில் அரசனே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மடங்களில் பாடம் கேட்டவர்களுக்கு மட்டும் உரிய நுட்பம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு ஞாபகம் போகும் நாளில் இது அடுப்படிக்கே தேவைப்படுகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். மூளையைப் படித்தவர்கள் கண்டதும் ஏறக்குறைய இதே திசையில்தான் போகிறது.

முதலில், நினைவு என்பதே ஒற்றைப் பொருள் அன்று. ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல், அவருடைய 27-ஆம் வயதில், கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கை இரண்டு பக்கத்திலும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை, புதிதாக நடந்த எதுவும் ஏறக்குறைய அவரிடம் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறை வரும்போதும் அவருக்குப் புது ஆள்தான். அந்த மில்னர் அவரை ஒரு காரியம் செய்யச் சொன்னார்: கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திர வடிவத்தின் ஓரமாகப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். யாருக்கும் முதல் தடவை வராது. மூன்று நாள் பழக்கினார்கள். மூன்றாம் நாள் அவர் கோடு பிசகாமல் இழுத்தார். முன்பு இதைச் செய்ததாக அவருக்குத் துளியும் நினைவில்லை. அவருக்குத் தெரியாததை அவர் கை கற்றுக்கொண்டிருந்தது.

என் பெரியம்மாவிடம் இதை நேரில் கண்டேன். மகளையே "அக்கா" என்று கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பேத்தி கூடத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா சிறிது நேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து வந்து, நனைத்து வைத்திருந்த வாழைநாரை எடுத்தார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்துப் பிடித்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் வளையம் போட்டு இழுத்தார். பூ நசுங்கவில்லை, முடிச்சு நழுவவில்லை. கால் மணி நேரத்தில் சரம் மடியில் வளர்ந்துவிட்டது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து ஒரு முழம் அளந்து பார்த்தார். பேத்தி கட்டியதைக் கையில் வாங்கி, "இப்படி இடம் விட்டுக் கட்டுனா தலையில வைக்கிறதுக்குள்ள உதிர்ந்துடும்டி, நெருக்கிக் கட்டு" என்றார். பல வாரங்களாக இரண்டு சொல்லுக்கு மேல் தொடர்ந்து பேசாதவர் அவர். அந்த ஒரு வாக்கியத்தில் பூக்கட்டத் தெரிந்தவர் இருந்தார், பாட்டி இருந்தார், தப்பைக் கண்டால் பொறுக்காத பழைய கண்டிப்பும் இருந்தது. பெயர் ஒன்றுதான் இல்லை.

அதனால், வேலையைப் பிடுங்காதீர்கள். "நீங்க சும்மா உட்காருங்க, கொட்டிடுவீங்க" என்று சொல்லிச் சொல்லியே நாம் பலரை நாற்காலியோடு சேர்த்துவிடுகிறோம். முருங்கைக்கீரையை உருவச் சொல்லுங்கள். துவைத்த துண்டுகளை மடிக்கக் கொடுங்கள். அப்பா தச்சராக இருந்தவரென்றால் உப்புத்தாளும் ஒரு பலகைத் துண்டும் கொடுங்கள். கணக்குப்பிள்ளையாக இருந்தவரென்றால் ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும். சரியாகச் செய்தாரா என்று சோதிக்காதீர்கள். மடித்த துண்டைத் திரும்ப மடிக்க வேண்டியிருந்தால் அவர் கண்ணில் படாமல் செய்யுங்கள். இந்தக் கைப்பழக்கமும் ஒரு நாள் போகும். அல்சைமர் அதையும் கடைசியில் விட்டுவைப்பதில்லை. போகும்வரை அது அவருடையது.

கையைவிட நெடுநாள் நிற்பது உணர்ச்சி. இதைத்தான் நாம் அதிகமாகக் காயப்படுத்துகிறோம், மறந்துவிடுவார் என்ற தைரியத்தில். ஜெனீவாவில் எதுவார் கிளாபரேத் என்ற உளவியலாளர் 1911-ல் ஒரு நிகழ்ச்சியை எழுதினார். அவரிடம் ஒரு பெண் நோயாளி இருந்தார். நிமிடங்களுக்கு முன் நடந்ததைக்கூட மறந்துவிடுவார். மருத்துவரைத் தினமும் புதிதாகச் சந்திப்பார். ஒரு நாள் கிளாபரேத் தன் விரல்களுக்கிடையில் ஒரு குண்டூசியை மறைத்துவைத்துக்கொண்டு கைகொடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் குத்தியது. அந்த நிகழ்ச்சி அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனாலும் பிறகு மருத்துவர் கையை நீட்டியபோது அவர் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டபோதும், முன்பு தனக்குக் குத்தியதை அவரால் நினைவுகூர முடியவில்லை.

அந்தச் சோதனை கருணையானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்தபிறகு, "எத்தன தடவ சொல்றது, மண்டையில ஏறாதா?" என்று அதட்டும் குரல் எந்த வீட்டிலிருந்து கேட்டாலும் எனக்கு அந்த ஊசிதான் தெரிகிறது. சொன்னது மறந்துவிடும். சுருக்கென்று பட்டது உள்ளே கிடக்கும். மாலையில் நீங்கள் சோற்றுத் தட்டோடு போகும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்; "ஏன்னே தெரியல, என்னக் கண்டாலே ஆக மாட்டேங்குது" என்பீர்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக் காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டிப் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, படத்தில் என்ன பார்த்தோம் என்பதை அவர்கள் மிக விரைவில் மறந்துவிட்டார்கள். துக்கமோ மகிழ்ச்சியோ அதன் பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தது. இதை நல்ல விதத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவாரிவிட்ட பத்து நிமிடம், கூடச் சேர்ந்து பாடிய ஒரு பழைய பாட்டு, காலில் தடவிய எண்ணெய், இவையெல்லாம் மறந்துபோனாலும் வீணாவதில்லை. "நான் வந்துட்டுப் போனதுகூட அவருக்கு நினைவிருக்காது, எதுக்குப் போகணும்?" என்று கேட்டு மாதக்கணக்கில் பெற்றவரைப் பார்க்கப் போகாமல் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இறந்துபோன கணவரை "எங்கே?" என்று அம்மா கேட்கிறார். "அவர் செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சேம்மா" என்கிறீர்கள். அவருக்கு அந்தச் சாவு அந்த நொடியில்தான் நடக்கிறது. அழுகிறார். ஒரு மணி நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்கிறார். மறுபடி அதே சாவுச் செய்தி. ஒரே துக்கத்தை ஒரு மனுஷிக்கு நாளைக்கு நாலு தடவை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பொய் சொல்லலாமா என்று தயங்குபவர்கள், பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை நினைத்துக்கொள்ளட்டும். பொய்யும் இங்கே தேவையில்லை. "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா? அப்பாவுக்கு நீ என்ன பண்ணிக்கொடுப்ப?" என்று கேளுங்கள். அவர் கேட்டது ஆள் எங்கே இருக்கிறார் என்ற தகவலை அல்ல என்பது அடுத்த ஐந்து நிமிடத்தில் உங்களுக்கே தெரியும். "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே சாயங்காலம் துடிக்கிறவரிடமும் இப்படித்தான். "இதானே உங்க வீடு" என்று வாதாடாமல், அந்த வீட்டுக் கொல்லையில் என்ன மரம் இருந்தது என்று கேளுங்கள்.

தன்னைப் பற்றிய அறிவு என்று ஒன்றும் தனியாக உண்டு. நிகழ்ச்சிகளின் நினைவோடு சேர்ந்து அது அழிந்துவிடுவதில்லை. 1981-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட கனடா நாட்டவர் ஒருவர், தன் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட மனதில் திரும்பிப் பார்க்க முடியாதவராக ஆனார். நினைவாராய்ச்சியாளர் எண்டெல் டல்விங், 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' என்று அவர் குணங்களைப் பற்றிக் கேட்டார். அவர் சொன்ன விடை, அவருடைய தாய் தனியாகச் சொன்ன விடையோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. சான்றாகச் சொல்ல ஒரு சம்பவம் கையில் இல்லை. தான் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அல்சைமர் நோய்க்குப் பெயர் வரக் காரணமான அவுகுஸ்தே டேட்டர் என்ற பெண்மணி, 1901-ல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், தன்னையே தொலைத்துவிட்டதாக மருத்துவரிடம் சொன்னது குறிப்பேட்டில் இருக்கிறது. தன் பெயரை முழுதாக எழுதமுடியாத நிலையில் அவர் இருந்தார். அப்படித் தொலைந்ததை உணர்ந்து சொல்வதற்கு அங்கே ஒருவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டுப் பெரியவருக்குள்ளும் இருக்கிறார். அவர் மானத்தைக் காப்பாற்றுங்கள். கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு குளிப்பாட்டாதீர்கள். உடைமாற்றும்போது ஒரு துண்டையாவது மேலே போர்த்துங்கள். வெட்கம் ஞாபகத்தோடு போவதில்லை. குளிக்கும்போது கையை ஓங்குகிறார் என்றால் பெரும்பாலும் காரணம் குளிரும் கூச்சமும் பயமும்தான். ஊரே "வாத்தியாரய்யா" என்று கூப்பிட்டவரை "தாத்தா, ஆ காட்டு" என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லாதீர்கள். "குழந்தை மாதிரி ஆயிட்டார்" என்பதும் சரியில்லை. ஒரு குழந்தைக்குப் பின்னால் எழுபது வருட உழைப்பு இல்லை. இவருக்கு இருக்கிறது. அவர் உளறுவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதை உடனே நிறுத்துங்கள், போட்டிருந்தால் அழியுங்கள். தெளிவாக இருந்த காலத்தில் அவர் அதற்குச் சம்மதித்திருப்பாரா?

விருப்பமும் அவருடைய ஒரு பகுதி. "என்ன சேலை கட்டிக்கிறீங்க?" என்று அலமாரியைத் திறந்து காட்டினால் குழம்பிப்போவார். பச்சை ஒன்று, அரக்கு ஒன்று என்று இரண்டை மட்டும் கையில் எடுத்துக் காட்டுங்கள். ஒன்றைத் தொடுவார். அதையே கட்டிவிடுங்கள். இதே காரணத்தால், விருப்பம் இன்னதென்று எடுத்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டவரைக் காரில் ஏற்றிப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரத்தில் கைரேகை வாங்குவது பெரும் பாவம். சட்டமும் அதை ஏற்பதில்லை. தன் செயலின் விளைவைப் புரிந்து முடிவுசெய்யும் தெளிவு இல்லாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. நோயின் தொடக்கத்தில், அவர் தெளிவாக இருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி உட்காரவைத்து அவர் விருப்பத்தைக் கேட்டு எழுதிவையுங்கள்.

இனி, கடினமான இடத்துக்கு வருகிறேன். குணமே மாறிவிட்டால் என்ன செய்வது? வாழ்நாளெல்லாம் அதிர்ந்து பேசாத மனிதர் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். தாய்போல் இருந்த மாமியார், "என் வளையலத் திருடிட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மருமகளைக் காட்டுகிறார். 2015-ல் நினா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கோல்ஸும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் நடத்திய ஆய்வில், 'இவர் பழைய ஆளே இல்லை' என்று வீட்டாரை அதிகம் எண்ணவைத்தது நினைவிழப்பு அன்று. அன்பு, நேர்மை, இரக்கம் போன்ற அறக்குணங்கள் மாறியதுதான். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியாவில் இது மிக அதிகம். அங்கே வீட்டாரின் துயரம் பெரிது. அதைச் சிறிதாக்கிப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் குணத்தைத் தாங்கி நிற்கும் மூளைப் பகுதி பழுதானதால் வந்த செயலை அவர் பாவக்கணக்கில் எழுதாதீர்கள். "உள்ளுக்குள்ள இவ்வளவு வன்மம் வச்சிருந்தாங்களா?" என்று நாற்பது வருட அன்பைப் பின்னோக்கிப் போய் அழிக்காதீர்கள். வளையலை வைத்த இடம் மறந்துபோகிறது. காணவில்லை என்ற பயம் மட்டும் நிற்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர் காரணமாகிவிடுகிறார். அதனால்தான் அதிகம் கவனித்துக்கொள்பவர் மேலேயே பழி விழுகிறது. மருமகளே, நீங்கள் மறுத்து நிரூபிக்க முயல வேண்டாம். "வாங்கத்தை, சேர்ந்து தேடலாம்" என்று எழுந்திருங்கள். மகனே, நீங்கள் உறவினர் முன்னால் மனைவியின் பக்கம் வெளிப்படையாக நில்லுங்கள்.

வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடும் கொடுமையும் உண்டு. தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளைக்கு மேல் உறைந்த ரத்தம், சில மருந்துகள், இவற்றால் வரும் குழப்பமும் மறதிநோய்போலவே தோன்றும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ நீர்ச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கத்துவார், அடிப்பார், சாப்பிட மறுப்பார். கோபித்துக்கொள்ளும் முன் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள்.

இவ்வளவையும் ஒரே ஆளால் செய்ய முடியாது. ஆனால் நம் வீடுகளில் ஒரே ஆள்தான் செய்கிறார். பெரும்பாலும் மருமகள், அல்லது கல்யாணமாகாத மகள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து, "ஏன் அம்மா இளைச்சிருக்காங்க?" என்று கேட்கிறார்கள். பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டும், தோழிகள் வேண்டும், கோயிலோ சினிமாவோ வேண்டும். 'நோயாளியைப் பார்ப்பவள்' என்ற ஒன்றாக மட்டும் அவரைச் சுருக்குவதும் ஓர் ஆளை அழிப்பதுதான். சென்னையிலோ துபாயிலோ இருக்கும் அண்ணன் தம்பிகளே, பணம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். இந்த மாதமே லீவு போடுங்கள். பத்து நாளாவது வந்து இரவில் அம்மாவின் பக்கத்தில் நீங்கள் படுங்கள், அவரைக் கழிப்பறைக்கு நீங்கள் கூட்டிப்போங்கள், அந்தப் பத்து நாளும் அண்ணி அவருடைய அம்மா வீட்டில் போய் இருக்கட்டும்.